கோவிந்தப்பனின் ஜீப்பை எடுத்தது யார்?

ஓசூர்ப் பக்கம் பேரிகை என்ற ஊரில் கோவிந்தப்பனிடம் ஜீப் இருந்தது சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். அந்த ஜீப்பை வீட்டில் நிறுத்திவிட்டு அவர் கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குப் பஸ்ஸில் போவார் என்பதும் தெரியும். "என்னா மாமா, வண்டிக்கு லீவா?" என்று பஸ்ஸில் யாராவது சீண்டினால் போதும். "கோர்ட்டு வாசல்ல நிறுத்திட்டு உள்ள போனா, திரும்பி வர்றப்போ சக்கரம் இருக்குமா? நீ வந்து காவல் நிக்கிறியா?" என்று எகிறுவார். கேட்டவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

எழுபத்து நாலாம் வருஷம் பெங்களூரில் ராணுவத்தார் கழித்துக்கட்டிய வண்டிகளை ஏலம் விட்டபோது எடுத்தது அது. பெட்ரோல் வண்டி. அதற்குச் சாவி என்று ஒன்று கிடையாது. ஒரு சுவிட்சைத் திருப்பி, ஸ்டார்ட்டரைக் காலால் மிதித்தால் கிளம்பிவிடும். போர்க்களத்தில் யார் சாவியைத் தேடிக்கொண்டிருப்பது என்று அப்படிச் செய்தார்களாம். வேறு யாராவது வாங்கியிருந்தால் வசதி என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். கோவிந்தப்பனுக்கோ அதுவே பெருங்கவலையாகிப்போனது. சாவியில்லாத வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஒரு மனுஷன் எப்படித் தூங்குவான்?

குருபரப்பள்ளியில் ஹைவே ஓரம் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் நாராயணப்பன்தான் அதற்கு ஒரு வழி சொன்னார். இன்ஜினுக்குப் பக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு சின்ன டப்பா. அதன் மூடியைக் கழற்றினால் உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு. அதுதான் ரோட்டர். அதை உருவி எடுத்துவிட்டால் எந்தக் கொம்பனாலும் வண்டியைக் கிளப்ப முடியாது. இதைக் கேட்டதும் கோவிந்தப்பன் முகத்தில் வந்த வெளிச்சம் அவருடைய கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை என்று நாராயணப்பன் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அன்றிலிருந்து வண்டி நின்றால் பானெட் திறக்கும். ரோட்டர் அவர் சட்டைப் பைக்குப் போகும். டீக்கடையில் நின்றாலும் சரி, சாமி கும்பிட இறங்கினாலும் சரி. சட்டையைக் கழற்றினால் இடுப்பு மடிப்புக்கு மாறும். பையின் ஓரத்தில் கறுப்பு மை படிந்துபோய், எத்தனை துவைத்தாலும் போகாது. துவைத்தவள் அவர் மனைவி முனிலட்சுமி.

அவருடைய சந்தேகம் எல்லாமே காற்றில் முளைத்தது என்றும் சொல்லிவிட முடியாது. ஓசூரில் ஃபேக்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம். வெள்ளைச் சட்டை புரோக்கர்கள் ஊர் ஊராக வந்து, தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் உறவு கொண்டாடி, கன்னடத்தில் விலை பேசுவார்கள். கூடப் பிறந்த தம்பி ராமப்பனே ஒருநாள் எல்லைக் கல்லை நகர்த்தி நட்டுவிட்டு, அது எப்போதும் அங்கேதான் இருந்தது என்று சத்தியம் செய்தார். கேஸ் கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குப் போயிற்று. கல்லையே நகர்த்துகிற ஊரில் சக்கரம் வைத்த வண்டி நகராதா என்பது கோவிந்தப்பனின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் கேள்வி கேட்டுக் கேட்டே அவர் வீட்டில் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது.

ஓட்டும்போதும் அவருக்கு வண்டியின் மேல் நம்பிக்கை கிடையாது. கியர் பெட்டி தன்னை ஏமாற்றப் பார்க்கிறது என்று நினைத்து, அதற்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிச் சொல்லித்தான் ஓட்டுவார். "கிளட்ச் மிதிச்சாச்சு. ரெண்டுக்குப் போறேன். நடுவுல நிக்கிறேன். இப்ப மூணு. மெதுவா விடறேன், குதிக்காத." இடது பக்கத்து சீட்டில் முனிலட்சுமி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ரோட்டையே பார்த்தபடி வருவாள். அவள் எங்காவது ஓரிடம் போய்வரலாமா என்று கேட்டால், "எதுக்கு? அங்க யாரு இருக்காங்க?" என்பார். அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

பெட்ரோல் முள் எப்போதோ செத்துவிட்டது. ஆகையால் டிரைவர் சீட்டைத் தூக்கி, டேங்கில் ஒரு மூங்கில் குச்சியை விட்டு அளப்பார். ஈரம் எதுவரை என்று நகத்தால் கீறி வைப்பார். எண்பத்து மூன்றில் ஒரு நாள் வாய்தாவுக்குப் போய்விட்டு வந்து குச்சியை விட்டார். ஈரம் கீறலுக்கு மேலே நின்றது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி விட்டார். மேலேதான்.

பெட்ரோல் குறைந்திருந்தால் அவர் கத்தியிருப்பார், கத்தி முடித்ததும் ஆறியிருப்பார். கூடியிருந்ததால் பயந்துபோனார். எடுக்கிற திருடனைப் புரிந்துகொள்ளலாம். போட்டுவிட்டுப் போகிறவனுக்கு என்ன திட்டம் இருக்கும்? சந்தனக்கட்டை கடத்துகிறார்களா, கர்நாடகச் சாராயம் இந்தப் பக்கம் வருகிறதா, நாளைக்குப் போலீஸ் வந்து கதவைத் தட்டினால் வண்டி யார் பேரில் இருக்கிறது? ராமப்பன்தான் தன்னை மாட்டிவிட ஏற்பாடு செய்கிறான் என்று முடிவு கட்டினார். ஆனால் ரோட்டர் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. ரோட்டர் இல்லாமல் வண்டி எப்படிப் போகும்? இந்த ஒரு கேள்வி அவர் தூக்கத்தைத் தின்றது.

மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொண்டு பண்ணை வேலை பார்த்த திம்மராயனைக் கூப்பிட்டு நிறுத்தினார். "வண்டிய யாரு எடுத்தா?"

"எனக்குத் தெரியாதுங்க."

"எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

திம்மராயன் தரையைத்தான் பார்த்தான். அது போதுமாயிருந்தது கோவிந்தப்பனுக்கு. அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். முனிலட்சுமி அடுப்படியிலிருந்து வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அந்த வாரமே ஓசூரில் இருந்த தன் அண்ணனுக்கு ஆள் அனுப்பி, திம்மராயனுக்கு ஒரு ஃபேக்டரியில் வேலைக்குச் சொல்லி வைத்தாள். இது கோவிந்தப்பனுக்குத் தெரியாது.

திம்மராயன் போன பிறகும் நடப்பது நடந்துகொண்டுதான் இருந்தது. டயருக்குக் கீழே மண்ணில் கோடு கிழித்து வைத்தார். திரும்பி வந்தால் கோடும் இருக்கும், டயரும் கோட்டிலேயே நிற்கும், ஆனால் கோடு கொஞ்சம் புதிதாகத் தெரியும். ஒருமுறை சீட்டில் சாமந்தி இதழ் ஒன்று கிடந்தது. இன்னொருமுறை, பஸ் விட்டிறங்கி வீட்டுக்கு வந்தவுடன் பானெட் மேல் கையை வைத்தார், சூடாக இருந்தது. "வெயில்ல நிக்குது, சுடாம என்னா பண்ணும்?" என்றாள் முனிலட்சுமி. நாராயணப்பனிடம் கேட்டார், பால் சொசைட்டி ஜெயமணியிடம் கேட்டார். எல்லோரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள். அவருக்குப் பைத்தியம் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று ஊரில் பேச்சு கிளம்பியது. சில நாள் அவரே அப்படி நினைத்துப் பயந்தார்.

எண்பத்து ஒன்பதில் ஒரு வாய்தா நாள். கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பி, ஊர் விலக்கில் பஸ்ஸை விட்டிறங்கி, ஏரிக்கரை மேல் நடந்துகொண்டிருந்தார். நல்ல மத்தியான வெயில். முதலில் இடது தோளில் வலித்தது. பிறகு நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. வேர்த்துக் கொட்டியது. கரையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

சைக்கிளில் வந்த ஜெயமணி பார்த்துவிட்டுக் குதித்து இறங்கினான். "ஐயோ மாமா! அசையாதீங்க. வீட்டுல சொல்லி ஜீப்ப எடுத்தாரச் சொல்றேன்." அவ்வளவுதான், சைக்கிள் பறந்தது.

ஜீப் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கோவிந்தப்பனின் கை சட்டைப் பைக்குப் போனது. ரோட்டர் அங்கேதான் இருந்தது. "டேய், நில்லுடா, இத எடுத்துட்டுப் போ," என்று கூப்பிட்டார். சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை.

அங்கே கிடந்தபடி அவர் கணக்குப் போட்டார். அடுத்த பஸ் சாயங்காலம்தான் வரும். மாட்டு வண்டி பூட்டி வந்து, ஓசூர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது; அதன் உயிர் இவர் பையில் கிடக்கிறது. யாரும் எடுத்துவிடக் கூடாது என்று இத்தனை வருஷம் காத்ததை இப்போது யாராலும் எடுக்க முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக, வண்டியை யாராவது திருடிக்கொண்டு வரமாட்டார்களா என்று ஏங்கினார். அழுகை வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சைலன்சரில் ஓட்டை விழுந்த சத்தம், இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு கரை ஏறுகிற சத்தம். உலகத்தில் வேறு எந்த வண்டிக்கும் அந்த இருமல் கிடையாது. அவருடைய ஜீப்!

பிழைத்தோம் என்று அவர் நினைக்கவில்லை. மாட்டினான் திருடன் என்றுதான் நினைத்தார். வலியோடு ஒரு கையை ஊன்றி, தலையைத் தூக்கி, ஸ்டியரிங்கில் யார் என்று பார்த்தார்.

முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு முனிலட்சுமி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜெயமணி. வண்டியைத் திருப்பி, பின்னால் எடுத்து, அவர் தலைமாட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஒரு தடவைகூட இன்ஜின் ஆஃப் ஆகவில்லை.

அவரைப் பின்னால் படுக்கவைத்து, ஜெயமணி பிடித்துக்கொள்ள, வண்டி பாகலூர் ரோட்டில் ஓசூருக்கு ஓடியது. மூச்சு வாங்கிக்கொண்டே அவர் கேட்டார்: "யாரு... யாரு உனக்குக் கத்துக்குடுத்தது?"

"பேசாம வாங்க."

"யாருன்னு சொல்லு."

"நீங்கதான்!" என்று அவள் திரும்பிப் பார்க்காமல் கத்தினாள். "கிளட்ச் மிதிச்சாச்சு, ரெண்டுக்குப் போறேன்னு காதுல ஓதிக்கிட்டே ஓட்டுனீங்களே! கழுதைக்குக்கூட வந்திருக்கும்!"

ஓசூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். சேதி கேட்டு, ஷிஃப்ட் முடிந்த கையோடு காக்கி யூனிஃபார்மிலேயே திம்மராயன் வந்து கட்டிலோரம் நின்றான். கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமாடா?"

"தெரியுங்க. குருபரப்பள்ளியில அந்த ரெண்டாவது ரோட்டர வாங்கியாந்து குடுத்ததே நான்தாங்க."

"ஏன்டா அன்னிக்குச் சொல்லல?"

"அம்மா ஓட்டுறாங்கன்னு சொன்னா நம்பியிருப்பீங்களாங்க?"

கோவிந்தப்பனுக்கு வெட்கமாக இருந்தது. நம்பியிருக்க மாட்டார். அம்மாவின் பேரை இழுக்கிறாயா என்று இரண்டு அறையும் கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார். திம்மராயன் கொண்டுவந்த சாத்துக்குடியை வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. விற்ற நாராயணப்பனுக்குத் தெரியும். ஜெயமணிக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். கோர்ட்டில் எதிர்த்து நிற்கிற ராமப்பனுக்கும் தெரியும். அவர்கூட ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. வாய்தா நாளில் அவளும் எங்காவது போய் வரட்டுமே என்று விட்டுவிட்டாராம். சொந்தத் தம்பி நல்லது செய்திருக்கிறான் என்பதுதான் கோவிந்தப்பனுக்கு எல்லாவற்றையும்விடக் கசப்பாக இருந்தது.

"எங்கதான் போவே?" என்று முனிலட்சுமியைக் கேட்டார்.

"மாலூர் ரோட்டுல, கர்நாடகா எல்லை வரைக்கும். அந்தப் பக்கம் ஒரு கடையில டீ குடிப்பேன். திரும்பி வந்துருவேன்."

"அங்க யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"சும்மாதான். காத்து நல்லா அடிக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு தடவ பால் காசுல பெட்ரோல் அளவு தெரியாம போட்டுட்டேன். நீங்க பயந்து முழிச்சத பாத்து ரெண்டு நாள் சோறு இறங்கல. அப்பவே சொல்லியிருக்கலாம். சொன்னா ரோட்டரோட என்னையும் சட்டைப் பையில போட்டிருப்பீங்க."

சும்மா என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. கடத்தல் என்றால் நம்பியிருப்பார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஜெயமணியை எல்லைக்கு அனுப்பி விசாரித்துவரச் சொன்னார். கடை இருந்தது. கடைக்காரருக்கு எழுபது வயது, பல் இல்லை, இவளை ஜீப் அம்மா என்று கூப்பிடுகிறார். அவ்வளவுதான் சேதி.

ஒரு மாதம் போயிருக்கும். வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கோவிந்தப்பன் நம்பவில்லை. மருந்து விற்பதற்காகச் சொல்லியிருப்பான் என்று நினைத்தார். காலையில் முனிலட்சுமி கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தபோது, பூனை மாதிரி நடந்து போய் ஜீப்பில் ஏறினார். சுவிட்சைத் திருப்பி ஸ்டார்ட்டரை மிதித்தார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் மிதித்தார். பிறகு இறங்கி பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார்.

உள்ளே ரோட்டர் இல்லை. ஆஸ்பத்திரியில் அவர் சட்டையை மடித்து நர்ஸ் கொடுத்தது யாரிடம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொட்டகைப் பக்கம் திரும்பினார். முனிலட்சுமியின் இடுப்புச் செருகலில் சேலை கொஞ்சம் புடைத்திருந்தது. பக்கத்தில் கறுப்பு மை.

"ரெண்டும் உங்கிட்டதான் இருக்குதா?"

"ஆமா."

அவருக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக வருத்தம் வந்தது. "ஏன், எம்மேல உனக்கு நம்பிக்கை இல்லையா?"

பால் பீச்சுகிற சத்தம் நிற்கவில்லை.

"இல்ல," என்றாள் முனிலட்சுமி.

கோவிந்தப்பன் பானெட்டை மூடினார். பிறகு இந்தப் பக்கமாகச் சுற்றி வந்து, இடது பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, அவள் கறந்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.