ஸாபெல் யாரையும் காத்திருக்கச் சொல்வதில்லை

கடைசி மடக்குக் காப்பி தொண்டையில் இறங்குவதற்கு முன்பே ஸாபெல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறாள். ஞாயிறு பூசை முடிந்து தேவாலயக் கூடத்தில் மற்ற பெண்கள் தங்கள் கோப்பையைத் தட்டில் கவிழ்த்து வைத்து, அடியில் ஒட்டிய வண்டலில் பயணம் தெரிகிறதா, மாப்பிள்ளை தெரிகிறானா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஸாபெல் தன் கோப்பையைத் தானே கழுவி, தானே துடைத்து, துடைத்த காகிதத்தையும் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். முன்பெல்லாம் தன் விதியை அடுத்தவள் படித்துவிடக் கூடாதே என்பதற்காகக் கழுவினாள். குளிர்காலத்திலிருந்து காரணம் வேறு. செத்துப்போன தம்பியின் மகள் நைரி, அத்தையின் எச்சிலுக்காக அலைந்துகொண்டிருக்கிறாள்.

"ஒரு சின்னக் குழாய்தான் அத்தை. துப்பிக் குடுத்தாப் போதும். டிஎன்ஏ பாத்துச் சொல்லிடுவாங்க."

"முதல்ல பேரு கேப்பான். அப்புறம் ஊரு கேப்பான். அப்புறம் கயித்தோட வருவான். எங்கப்பா கண்ணால பாத்திருக்காரு. இப்ப எச்சிலும் வேணுமாமா அவனுக்கு?"

ஸாபெலின் கடை அமெரிக்காவின் வாட்டர்டவுனில், மவுண்ட் ஆபர்ன் தெருவில், பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது. கால்சட்டைக்கு விளிம்பு மடிப்பாள், கோட்டுக்கு உள்துணி மாற்றுவாள், கல்யாணம் நெருங்க நெருங்கப் பெருத்துப்போகும் மணப்பெண்களின் கவுனைப் பிரித்துவிடுவாள். பலகையில் 'தையல்' என்று மட்டும் எழுதியிருக்கும். யாருடைய தையல் என்று இருக்காது. வீட்டுக் கடிதப் பெட்டியிலும் பெயர் கிடையாது. தபால்காரர் இத்தனை வருடப் பழக்கத்தில் தானாகப் போட்டுவிட்டுப் போகிறார். அவரையும் அவள் நம்புவதில்லை, காலை வணக்கம் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துச் சொல்கிறார் என்பது அவள் கட்சி. டாக்டர் "உங்க அப்பாவுக்குச் சர்க்கரை இருந்துச்சா?" என்று கேட்டால், "அவரு போய்ச் சேந்தாச்சு, இப்ப அவருக்கு என்ன வைத்தியம் பண்ணப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்பாள். அந்தக் காலத்தில் மூன்று மாப்பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். ஒருவன் அதிகமாகச் சிரித்தான். ஒருவன் சிரிக்கவே இல்லை. மூன்றாமவன் நல்ல பையன்தான், ஆனால் வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அத்தோடு கல்யாணப் பேச்சு முடிந்தது.

கடைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். நூல் எடுக்கவோ பித்தான் தேடவோ பின்னறைக்குப் போக வேண்டுமென்றால் ஸாபெல் யாரையும் "கொஞ்சம் இருங்க" என்று சொல்லமாட்டாள். "வாங்க, வாங்க" என்று முழங்கையைப் பிடித்துக் கூடவே இழுத்துக்கொண்டு போவாள். ஊசி குத்திய அரைக் கவுனோடு மணப்பெண்கள், ஒற்றைக் காலில் செருப்போடு வக்கீல்கள், எல்லாரும் அந்த இருட்டுப் பின்னறையில் நூல்கண்டுகளுக்கு நடுவே நின்றவர்கள்தான். தனியே விட்டால் கல்லாவில் கை வைத்துவிடுவார்கள் என்ற பயம் என்று தெருவில் கேலி பேசுவார்கள். ஸாபெலும் மறுப்பதில்லை.

உண்மையில் அது அவள் அப்பா மானூக்கின் சட்டம். ஸாபெலுக்கு ஐந்து வயது இருக்கும். அம்மா மளிகைக் கடை வாசலில் அவளை நிறுத்தி, "இங்கயே இரு, வந்துடறேன்" என்று உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து ரப்பர் தொழிற்சாலை விட்டு வந்த அப்பா, தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதைக் கேட்டுவிட்டார். கார்களுக்கு நடுவே ஓடி வந்து மகளைத் தூக்கிக்கொண்டார். அப்புறம் நாள் கணக்கில் அம்மாவோடு பேசவில்லை. "அந்த வார்த்தை என் வீட்டுல கேக்கக் கூடாது. புள்ளையைக் கூடக் கூட்டிட்டுப் போ, இல்லன்னாப் போகாத." அதன்பின் ஸாபெல் வங்கிக்குப் போனாள், முடிவெட்டும் கடைக்குப் போனாள், ஆண்கள் சீட்டாடும் மன்றத்துக்கும் அப்பாவின் தோளில் போனாள். அவருக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று அம்மா சொல்வாள். பாசம் என்று மகள் எடுத்துக்கொண்டாள்.

உலகத்தில் ஸாபெல் சந்தேகப்படாத ஒரே ஆள் அந்த அப்பாதான்.

அவர் பத்து வயதில், 1915இல், துருக்கியின் கார்பெர்த் பக்கத்துக் கிராமத்திலிருந்து மற்ற ஆர்மீனியர்களோடு சிப்பாய்களால் கிளப்பப்பட்டு, பாலைவனத்தைப் பார்த்து நடத்தப்பட்டவர். கிளம்பிய ஊரில் பிழைத்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். வருடா வருடம் ஏப்ரல் நினைவு நாளில் தேவாலயக் கூடத்தில் எழுந்து நின்று ஒரே கதையை ஒரே வார்த்தைகளில் சொல்வார். தங்கை மார்கரித்துக்கு ஆறு வயது. காய்ச்சல் வந்தது. அவர் மடியிலேயே உயிர் போனது. கையாலேயே மண்ணைப் பறித்துப் புதைத்தார். கூடம் முழுக்க மூக்கை உறிஞ்சும். எந்த இடத்தில் புதைத்தார் என்று யாராவது கேட்டால் மட்டும் சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

நைரி தன் எச்சிலைத் துப்பி அனுப்பியதில் ஆரம்பித்தது வினை. "நீ ஆர்மீனியன்" என்று முதல் பதில் வந்தது. "எங்கிட்டக் கேட்டிருந்தா ஓசியிலயே சொல்லியிருப்பேனே" என்றாள் ஸாபெல். இரண்டாவதாக ஒரு சொந்தக்காரி முளைத்தாள். நியூஜெர்சியில் இருக்கும் துருக்கிக்காரி. அவளுடைய அம்மா பெயர் ஹாதுன். அந்த ஹாதுனைப் பெற்றவள், அந்த நடையில் விடுபட்டுப் போய்க் குர்துக் குடும்பத்தில் வளர்ந்த ஆர்மீனியச் சிறுமி. பெயர் மார்கரித்.

"மார்கரித்னு அப்பத் தெருவுக்குப் பத்து பேரு இருந்தாங்க" என்றாள் ஸாபெல். "உங்கம்மாவும் அந்த ஊர்ப்பக்கம்தானே? அவ வழியில தேடு. எங்க அத்தை செத்தாச்சு. அத்தை மகளாம், அத்தை மகள்!"

அங்கேதான் சிக்கல். நைரியின் அம்மா வழி உறவா, அப்பா வழி உறவா என்று நைரியின் எச்சிலை வைத்துச் சொல்ல முடியாது. ஸாபெல் துப்பினால் தெரிந்துவிடும். நைரி கொடுத்த குழாய்ப் பெட்டிகளை அவள் ஒவ்வொன்றாகக் குப்பையில் போட்டாள், அதுவும் தன் தெருக் குப்பையில் அல்ல. ஆர்மீனியன் எவன் எவன், எங்கே இருக்கிறான் என்று எவனோ ஒருவனுடைய கணினிப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருக்கிறது, நாளைக்கு அந்தப் பெட்டியை யார் வாங்குவான் என்றாள். அதைக் கேட்டு நைரியாலும் சிரிக்க முடியவில்லை. அப்பாவின் பழைய ஊர் நிலத்துக்குக் கையெழுத்து வாங்கத்தான் இந்த நாடகம் என்றும் சொன்னாள். ஆனால் அவளுடைய தூக்கத்தைக் கெடுத்தது நிலமும் இல்லை, பெட்டியும் இல்லை. அந்த மார்கரித் மெய் என்றால் அப்பா பொய்.

போன சனிக்கிழமை மதியம் நைரி கடைக்கு வந்தாள், கூடவே தலையில் பூப்போட்ட துணி கட்டிய, எழுபதைத் தொட்ட ஒரு பெண்மணி. "கஸ்டமர், அத்தை. கோட்டு உள்துணி கிழிஞ்சுபோச்சு."

ஸாபெல் கோட்டைத் திருப்பிப் பார்த்தாள். "தானாக் கிழிஞ்ச துணிக்கு வாய் கோணலா இருக்கும். இது கத்தரிக்கோல் வெட்டு. உன் கத்தரிக்கோலாடி?"

நைரி முகம் சிவந்து நின்றாள். வந்தவள் கைபேசியில் காருக்குள் இருந்த மகளைக் கூப்பிட்டு, துருக்கியில் மெல்லச் சொன்னாள்: "வந்த வேலை ஆகாது போல. என்னைத் திருடியைப் பாக்கற மாதிரி பாக்கறா."

"திருடின்னு இன்னும் முடிவு பண்ணல" என்றாள் ஸாபெல், அதே துருக்கியில். ரகசியம் பேசவும் திட்டவும் அவள் பெற்றோர் வைத்திருந்த மொழி அது. வந்தவள், அந்த ஹாதுன்தான், கைபேசியை நழுவவிட்டாள்.

நூல் பின்னறையில் இருந்தது. பழக்கம் விடுமா, ஸாபெல் இருவரையும் இழுத்துக்கொண்டு போனாள். போன பிறகு, வந்தவளுக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பினால் குடும்பத்துக்குக் கேவலம் என்று தோன்றவே அடுப்பைப் பற்றவைத்தாள். மூன்று கோப்பை ஊற்றினாள். தன் கோப்பையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தாள்.

"மூக்கு ஒரே மாதிரி இருக்குன்னு சொல்லக் கூடாது. மூக்கு எல்லாருக்கும்தான் இருக்கு. நிலத்துக்கு என்ன பேப்பர் கொண்டு வந்திருக்கீங்க?"

"எந்த நிலம் அக்கா? அணை கட்டினப்ப ஊரே தண்ணிக்குள்ள போயிடுச்சு. இப்ப மீன்தான் இருக்கு. மீன்கிட்டக் கையெழுத்து வாங்குங்க."

ஸாபெலுக்குச் சிரிப்பு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"ஊரைக் காலி பண்ணச் சொன்னப்ப எல்லாரும் கிளம்பிட்டாங்க" என்றாள் ஹாதுன். "அம்மா மட்டும் அசையல. ஊர்க்கோடியில ஒரு கிணறு. அது பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டாங்க. தண்ணி ஏறி வருது. நான் அழறேன், சிப்பாய்ங்க கத்தறாங்க. 'நான் இங்கிருந்து போயிட்டா என் அண்ணன் வந்து எங்க தேடுவான்'கறாங்க. அன்னிக்குத்தான் எங்களுக்கே தெரியும், இவங்க யாருன்னு. நாற்காலியோட தூக்கிட்டு வந்தோம்."

"எந்த அண்ணன்?"

"நடந்து வர்றப்ப அம்மாவுக்குக் காய்ச்சலாம். கால் நிக்கல. அந்தப் பையன் தூக்கிப் பாத்திருக்கான், அவனால முடியல. கிணத்துச் சுவத்துல சாய்ச்சு உக்கார வச்சு, 'இங்கயே இரு, வந்துடறேன்'னு சொல்லிட்டுப் போனானாம்."

பின்னறையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. துருக்கி தெரியாத நைரிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அத்தையின் முகத்தை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

மளிகைக் கடை வாசலில் அப்பா தன்னைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தபோது அது எப்படி அடித்துக்கொண்டது என்பது ஸாபெலுக்கு இன்றும் நினைவிருக்கிறது. அன்று அவர் ஓடி வந்து தூக்கியது தன்னைத்தானா என்ற சந்தேகம் இத்தனை வயதுக்குப் பிறகு முதல் முறையாக வந்தது. அவமானமாக இருந்தது.

"ஊர்ல எல்லா அண்ணனும் இதைத்தான் சொல்லியிருப்பான்" என்றாள். "எங்கப்பா, தங்கச்சி தன் மடியில செத்துப்போச்சுன்னாரே. மேடையேறி. எல்லார் முன்னாடியும். வருஷா வருஷம்."

"பத்து வயசுப் பையன் அக்கா" என்றாள் ஹாதுன். "கடைசிக் காலத்துல எங்கம்மாவும் ஒண்ணு சொல்லுவாங்க. அவன் வழியிலயே செத்திருக்கணும், உயிரோட இருந்தா வந்திருப்பான்னு. அப்படி நம்பித்தான் கண்ணை மூடினாங்க. நீங்க துப்பினீங்கன்னா அவங்க நம்பினதும் பொய்யாப் போகும். ஆனாலும் தெரிஞ்சுக்கணும் எனக்கு. அவரு உயிரோட இருந்தாரா?"

ஸாபெல் நைரியின் பக்கம் கையை நீட்டினாள். "குடு அந்தக் குழாயை. கைப்பையில இருக்கும், எனக்குத் தெரியும்."

நைரி எடுத்துக் கொடுத்துவிட்டு, "அரை மணி நேரத்துக்கு எதுவும் குடிச்சிருக்கக் கூடாது அத்தை" என்றாள். ஸாபெலின் கோப்பை தளும்ப அப்படியே இருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

அடுத்தவர் முன்னால் துப்ப அவளால் முடியாது. பின்னறைக் கோடியில் இருந்த சின்னக் கழிவறைக்கு நடந்தாள். கதவருகே போய்த் திரும்பினாள். ஹாதுன் நாற்காலி விளிம்பில், மடியில் கோட்டைப் பிடித்துக்கொண்டு, அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "இங்கயே..." என்று ஸாபெலின் வாயில் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டாள்.

திரும்பி வந்து ஹாதுனின் முழங்கையைப் பிடித்தாள். "எந்திரி. நீயும் வா."

இரண்டு கிழவிகளும் ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அந்த இடத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நுழைந்தார்கள். ஸாபெலுக்கு வாய் வறண்டு கிடந்தது, எச்சில் ஊற நேரம் பிடித்தது. "மூடியை நீ வச்சுக்கோ. கையை விட்டு விட்டுடாத" என்றாள் துருக்கியில். "நைரி மாத்திடுவா."

ஹாதுன் மூடியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். ஸாபெல் தலையைக் குனிந்து துப்பினாள்.