வாளிக்குள் நின்ற செரிக்கன்று

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். செரி பூக்கும்போதெல்லாம் அக்காவின் மேல் வரும் எரிச்சலை எங்காவது இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது.

நினைவில் முதலில் வருவது ஒரு நீல வாளி. அதற்குள் இடுப்பளவு செரிக்கன்று. மகளின் கலியாணத்துக்கு முன்சடங்காகக் கன்னிக்கால் நட வேண்டும். ஊரில் என்றால் முள்முருக்கங்கிளையை வெட்டி நடுவார்கள். ஜெர்மனியில், இந்தக் கெல்சென்கிர்ச்சனில் அதற்கு எங்கே போவது? நான் வேலை செய்யும் மரக்கன்றுப் பண்ணையிலிருந்து இதைக் கொண்டுவந்தேன். பக்கத்து நகரமான எசனிலிருந்து வந்த அக்கா செருப்பைக் கழற்றுமுன்பே தொடங்கிவிட்டாள்.

“டேய் தம்பி, உனக்கு மூளை இருக்கே? ஒரு கிழமையில கொட்டுற பூ. நிலையில்லாத வாழ்க்கைக்கு யப்பான்காரர் இதைத்தான் காட்டுவினமாம். போனில வாசிச்சனான். கலியாண வீட்டில நடுற மரமே இது?”

மறுநாள் பண்ணையில் என்னோடு வேலை செய்யும் யப்பானியப் பெண்ணிடம் கேட்டேன். பூ உதிர்வதைப் பற்றி அப்படிச் சொல்வது உண்மைதான் என்றாள். ஆனால் கன்றுக்கு ‘நாஎகி’, வளரும் இளமரத்துக்கு ‘வக்ககி’ என்று தனிச் சொற்கள் உண்டாம். இளமரம் என்றால் இனி வரப்போகும் காலமாம். பிள்ளைகள் முதன்முதலாய்ப் பள்ளிக்கூடம் போவதும் செரி பூக்கும் நாட்களில்தானாம். அப்படியே அக்காவிடம் ஒப்புவித்தேன்.

“கொட்டுற மரத்துக்கு இத்தனை பெயரே!” என்றாள்.

அக்காவின் கலியாணத்துக்கு நல்ல முள்முருக்குத்தான் நட்டார்கள். அத்தான் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கவில்லை. அன்றிலிருந்து மங்கல காரியம் எதிலும் அவள் முன்னுக்கு வருவதில்லை; சமையலறை வாசலில் நின்றபடி மற்றவர்களை அதட்டுவாள். அவளுடைய எல்லாப் பிடிவாதங்களிலும் அதுதான் என்னை அதிகம் வதைத்தது.

கன்னிக்கால் நாளன்று கன்றைக் குழியில் இறக்கினேன். பால் ஊற்றச் சுமங்கலிகள் காத்து நின்றார்கள். சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது.

“சரியுதடா! ஒரு கன்றை நேரா நடத் தெரியாதே? பண்ணையில என்னதான் கிழிக்கிறாய்?”

சொன்னதோடு நிற்கவில்லை. விறுவிறென்று வந்து கன்றைப் பிடித்து நிமிர்த்தினாள். பிடித்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. கையை எடுக்கப் பார்த்தாள். மகள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

“விடாதேங்கோ மாமி. திரும்பச் சரிஞ்சிடும்.”

பால் ஊற்றி முடியும்வரை அக்கா விடவில்லை.

இப்போது அந்த வாளியில் கார் கழுவுகிறேன். மரம் என் தலைக்கு மேலே போய்விட்டது. மகளும் மருமகனும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு வசந்தத்திலும் அக்கா போன் எடுத்து, “கொட்டிட்டுதே?” என்கிறாள். “ஓம் அக்கா” என்றால், “நான் அப்பவே சொன்னனான்” என்கிறாள். இவளை என்ன செய்வது?

நட்டதற்கு அடுத்த நாள் மழை பெய்தது. அக்கா குடையோடு போய், கன்றுக்கு ஒரு தடி ஊன்றிக் கட்டினாள்.