நாகூருக்குக் கொண்டுபோன முடி

புதன்கிழமை, காலை ஐந்து மணி.

பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நானும் என் மனைவி செல்லாயியும் பண்டாரவளை ஸ்டேஷனுக்கு நடக்கத் தொடங்கினோம். எட்டு மைல், முழுக்க மூடுபனி. பின்னால் ஆட்களைக் காலைப் பெரட்டுக் கணக்குக்குக் கூப்பிடத் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு பெயர் கொடுக்க ஓடினார்கள். எங்களுக்குத் துரை பதினைந்து நாள் லீவு கொடுத்திருந்தார்.

போன காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நாலாவது வயிற்றிலிருந்தபோது, இது தங்கினால் நாகூர் தர்காவில் முதல் முடி இறக்குவதாகச் செல்லாயி வேண்டிக்கொண்டாள். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சனங்களுக்கு நாகூர் ஆண்டவரும் சொந்தம்தான். பெண் பிறந்தது. நாகூரம்மா என்று பெயர் வைத்தோம். இரண்டு வயது வரை அவள் தலையில் கத்தி படவில்லை, முடி தோளைத் தொட்டது. லீவு கிடைக்கிறபோது போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. தலைச்சூடு இறங்க முடியை வெட்டச் சொன்னார் தோட்டத்து மருந்துக்காரர். செல்லாயி குறுக்கே விழுந்து தடுத்தாள். நான் அவளைத் தள்ளிவிட்டு வெட்டினேன். தேயிலைப் பெட்டி அடிப்பது என் வேலை. பெட்டிக்குள் போடும் ஈயத்தாளை வெட்டுகிற கத்தரிக்கோல்தான் கைக்குக் கிடைத்தது. மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது.

அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. ஒரே ஒரு நாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நேந்தது நேந்ததுதான். முடியக் கொண்டுபோயி எறக்கணும். எறக்கிட்டு நான் திருவாரூர்ல எங்கண்ணன் வீட்டோட இருந்துக்கிறேன். நீங்க மட்டும் திரும்பி வாங்க."

முடியை ஈயத்தாளில் மடித்து நாலு பக்கமும் பற்றவைத்துக் கொடுத்தேன். எத்தனை நாள் கப்பலில் கிடந்தாலும் தேயிலை நமுத்துப்போகாமல் காக்கிற தாள் அது. கை அகலத்தில் ஒரு பொட்டலம். அதை மடியில் கட்டிக்கொண்டு எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள்.

பகல்.

பண்டாரவளை வரைக்கும்தான் ரயில். பதுளைக்கு இன்னும் மலையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். அவரும் நாகப்பட்டினத்துக்குத்தான் போகிறார், சரக்கு எடுக்க. ஹட்டன் தாண்டுகிற வரையில் அவர் வாய் ஓயவில்லை.

"நாகூர் வாசல்ல எறங்கின ஒடனே நாலு பேர் கையப் புடிப்பான். ஒருத்தன் சக்கர விப்பான், ஒருத்தன் பூ விப்பான், ஒருத்தன் ஒங்களையே வித்துருவான். கையத் தூக்கி வச்சிக்கிட்டு நடங்க."

"நீங்க எப்படி நடப்பீங்க நானா?"

"நான் வியாபாரி. என்னயப் பாத்தா அவன் கையத் தூக்கிக்குவான்."

சிரிப்பு வந்தது. செல்லாயி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

வியாழன், காலை.

பொல்காவலையில் வண்டி மாறி விடிகிறபோது தலைமன்னார் வந்தோம். அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல். இருபத்திரண்டு மைல் கடல். செல்லாயி பன்னிரண்டு வயதில் இதே கடலைக் கடந்து மலைக்கு வந்தவள். கங்காணி ஆட்களோடு வந்த கூட்டத்தில் அவள் அம்மா மன்னாரிலேயே வாந்திபேதியில் செத்துப்போனாள். செல்லாயி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானா பக்கத்தில் வந்து நின்று நாகூர் ஆண்டவர் கதையைச் சொன்னார். நடுக்கடலில் ஒரு கப்பல் ஓட்டை விழுந்து மூழ்கப் பார்த்ததாம். கப்பல்காரன் கூப்பிட்ட குரல் நாகூரில் முடி வெட்டிக்கொண்டிருந்த ஆண்டவர் காதில் விழுந்ததாம். கையிலிருந்த கண்ணாடியை எறிந்தாராம். அது போய் ஓட்டையை அடைத்ததாம்.

"நடுக்கடல்ல கூப்பிட்டது கேட்டிச்சில்ல? பூனாகலையில கூப்பிட்டது ஏன் நானா கேக்கல?" என்றேன்.

நானாவுக்கு எங்கள் விஷயம் தெரியாது. என் முகத்தைப் பார்த்தார், செல்லாயியைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் போய்விட்டார். அவரிடம் அப்படிக் கேட்டது தப்பு. யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தது.

தனுஷ்கோடியில் சுங்கச் சோதனை. மணலில் வரிசையாக நிறுத்தி மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டச் சொன்னார்கள். செல்லாயியின் மடியிலிருந்த பொட்டலத்தைச் சுங்கக்காரர் தட்டிப் பார்த்தார்.

"என்ன இது, டீத்தூளா?"

"இல்லைங்க."

"ஈயத்துல வேற என்னத்தக் கட்டுவாங்க? ஒடச்சுக் காட்டு."

"புள்ள முடிங்க, ஐயா. நாகூருக்கு நேந்துக்கிட்டது" என்றேன்.

"எல்லாரும் நாகூருக்குத்தான் போறீங்க. கொடும்மா இங்க."

செல்லாயி இரண்டு கைகளாலும் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள், இரண்டு மாதத்தில் முதல் முறையாக. நான் சுங்கக்காரரை அடித்திருக்க வேண்டும், அல்லது காலில் விழுந்திருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. "குடுத்துரு" என்றேன்.

அவர் பேனாக்கத்தியால் ஒரு மூலையைக் கீறினார். தேயிலை வாடைதான் முதலில் வந்தது. விரலை விட்டுத் துழாவினார். வெளியே எடுத்தபோது விரல் நுனியில் மெல்லிய முடி இரண்டு சுற்றியிருந்தது. அவர் முகம் மாறியது. அந்த இரண்டு முடியையும் மெதுவாகப் பிரித்து ஓட்டைக்குள்ளேயே திரும்ப வைத்தார். எங்கள் மூட்டையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, "போ, போ" என்று அடுத்த ஆளிடம் திரும்பினார்.

பற்றவைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மெழுகு வாங்கி வருகிறேன் என்றேன். செல்லாயி ஓட்டையின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டாள். மதுரை, திருச்சி, தஞ்சாவூர் எல்லாம் கடந்து வண்டி போனது. அந்த விரலை அவள் எடுக்கவில்லை. சோறு ஒரு கையால்தான் தின்றாள்.

வெள்ளி, பிற்பகல் மூன்று மணி.

திருவாரூரில் வண்டி நின்றபோது அவள் எட்டிப் பார்த்தாள், இறங்கவில்லை. முடி இன்னும் கையில் இருந்ததே. அதே வண்டியில் வந்த நானா நாகப்பட்டினத்தில் இறங்கிக்கொண்டார். "கையத் தூக்கி வச்சிக்கிட்டு நடங்க" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அங்கிருந்து நாகூர் ஐந்து மைல்.

நாகூரை வருணிக்கச் சொன்னால் எனக்கு முதலில் தோன்றுவது ஐந்து மினாராக்கள். ஒன்று மட்டும் மற்ற நாலையும் விட வெகு உயரம். அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய ராஜா என்றார்கள். வெள்ளையடித்த கோபுரங்களைச் சுற்றிப் புறாக் கூட்டம். தெருவெல்லாம் மீன் வாடையும் சாம்பிராணி வாடையும் கலந்து வருகிறது. கடைகளில் வெள்ளித் தகட்டில் கண், கால், தொட்டில், வீடு, கப்பல் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். எதற்கு வேண்டிக்கொண்டார்களோ அந்த உருவத்தை வாங்கிக் காணிக்கை போடுகிறார்கள். உள்ளே போகிறவர்களின் சாதியை யாரும் கேட்கவில்லை. இதை நான் குறிப்பாக எழுதுகிறேன். என் அப்பன் பிறந்த ஊர்க் கோயிலில் எங்களை வெளித்தெருவோடு நிறுத்திவிடுவார்கள். இங்கே ஒரு சாகிபு மயிலிறகால் என் தலையைத் தடவினார், செல்லாயி தலையையும் தடவினார்.

அதற்காக என் கோபம் போய்விடவில்லை. நானா சொன்னபடியே நாலு பேர் கையைப் பிடித்தார்கள். ஒரு ரூபாய் கொடுத்தால் தனியாகப் பாத்திஹா ஓதுவோம், எட்டணா கொடுத்தால் கூட்டத்தோடு ஓதுவோம் என்றார்கள். நான் கையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

தர்காக் குளத்தங்கரையில் நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்து மொட்டை அடிக்கிறார்கள். குழந்தைகள் அலறுகின்றன, தாய்மார் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள், மொட்டைத் தலைகளில் சந்தனம் பூசுகிறார்கள். செல்லாயி கடைசியில் இருந்த ஒரு கிழவர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"வா தாயி. புள்ள எங்க?"

அவள் பொட்டலத்தை நீட்டினாள்.

கிழவர் ஓட்டை வழியாகப் பார்த்தார். "வெட்டிக் கொண்டாந்த முடிய எறக்க முடியாதே தாயி. தலையிலேர்ந்துல்ல எறக்கணும். புள்ளயத் தூக்கியா, மிச்சத்த எடுத்துருவோம்."

"தூக்கியார முடியாதுங்க" என்றேன்.

அவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "எப்ப?"

"ஐப்பசியில."

"முடிய வெட்டினது யாரு?"

செல்லாயி குளத்தைப் பார்த்தாள். அவள் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன்.

"நான்தாங்க. காச்சல்னு வெட்டினேன். இவ வேணான்னுதான் சொன்னா."

பிள்ளை போனதிலிருந்து நான் யாரிடமும் சொல்லாதது இது. தோட்டத்து லய வீடுகளில் கேட்டவர்களிடமெல்லாம் மருந்துக்காரர் வெட்டினார் என்றே சொல்லி வந்தேன். செல்லாயிக்கும் அது தெரியும்.

கிழவர் என் கைகளைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு பிள்ளை வீறிட்டது. பிறகு, "கைய நீட்டு. ரெண்டையும்" என்றார்.

நீட்டினேன். ஈயத்தாளைப் பிரித்து முடியை என் உள்ளங்கைகளில் வைத்தார். குளத்துத் தண்ணீரை அள்ளி, பிள்ளையின் தலையை நனைப்பதுபோல விரலால் நீவி நீவி நனைத்தார். காய்ந்து கிடந்த முடி கறுத்துச் சுருண்டது. கத்தியைத் தீட்டினார். நெற்றியிலிருந்து தொடங்குகிற மாதிரி என் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு மூன்று தரம் இழுத்தார். தோல் எரிந்தது. ரத்தம் வரவில்லை. முடியை வழித்து மற்றப் பிள்ளைகளின் முடி கிடந்த கூடையில் போட்டார்.

"எறங்கிருச்சு" என்றார்.

கூலி இரண்டணா. நீட்டினேன். "புள்ளத் தலைக்குத்தான் ரெண்டணா. ஒங் கைக்கு ஒண்ணுமில்ல, போ" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார். என் கைகள் ஈரமாகவே இருந்தன. துடைக்கத் தோன்றவில்லை.

செல்லாயி கிழக்கே கடற்கரைக்கு நடந்தாள், நான் பின்னால் போனேன். அலைக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு பிடி மணல் எடுத்து அந்த ஈயத்தாளில் மடித்துக்கொண்டாள். அண்ணன் வீட்டில் வைத்துக் கும்பிடப்போகிறாள் என்று நினைத்தேன்.

சனி, காலை.

தர்கா வாசலில் படுத்து எழுந்து முதல் வண்டி பிடித்தோம். நாகூரிலிருந்து எனக்குத் தனுஷ்கோடி வரைக்கும் சீட்டு, அவளுக்குத் திருவாரூருக்குச் சீட்டு. தனித்தனியாக வாங்கும்போது சீட்டுக் கொடுப்பவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

திருவாரூர் வந்தது. நான் எழுந்து அவள் மூட்டையை எடுத்துக் கதவருகே வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிளாட்பாரத்தில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"எறங்கல?"

"சீட்டுக்கு மேல காசு கேப்பாங்களா?"

"கேப்பாங்க. குடுத்துக்கலாம்." பிறகு கேட்டேன், "அண்ணன் வீட்டுக்குன்னு சொன்னியே."

"அண்ணன் இருக்காரு. அண்ணனுக்குப் புள்ளைங்க இருக்கு." வண்டி அசைந்தது. அவள் மடியிலிருந்த ஈயத்தாளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எம்புள்ள அங்கல்ல கெடக்கு. தேயிலைக்கு அடியில. அத யாரு பாப்பா?"

என்னோடு வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

நாகூரில் ஒரு பக்கீரின் சமாதிக்கு ராஜாக்கள் மினாரா கட்டியிருக்கிறார்கள். எங்கள் மலையில் லயத்துப் பிள்ளைகளைப் நம்பர் போட்ட பழைய தேயிலைச் சரிவில் புதைக்கிறோம். ஒரு வருஷத்தில் அதன்மேல் செடி படர்ந்துவிடும், கொழுந்தும் எடுப்பார்கள். அடையாளத்துக்கு நான் ஒரு கல் வைத்திருந்தேன். லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது திரும்பி வந்து அந்தக் கல்லைத் தேடினோம். கவ்வாத்து வெட்டிய குச்சிகளுக்கு அடியில் கிடந்தது.

வருகிற வழியில் மண்டபம் கேம்பில் நோய் பரவும் என்று எங்கள் துணியையெல்லாம் ஆவியில் போட்டார்கள், ஆறு நாள் அடைத்து வைத்தார்கள். கப்பலில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். பண்டாரவளையிலிருந்து எட்டு மைலும் மழை. செல்லாயி அந்தச் சரிவில் உட்கார்ந்து, ஈயத்தாளின் கீறலிலிருந்து கட்டைவிரலை எடுத்து, கல்லடியில் நாகூர் மணலைக் கொட்டினாள். வழியில் ஒரு சிட்டிகைகூடச் சிந்தியிருக்கவில்லை.