மகனைக் கூட்டிவரப் போன பயணம்

பிள்ளைகள், நான் சீனாவுக்குப் போய்வந்த கதையைக் கேட்டு நீங்கள் என்னைப் பிய்த்தெடுத்த நேரமெல்லாம், அங்கே பியரைப் பொலித்தீன் பையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு விட்டுவிடுவேன். மிச்சத்தைச் சொல்ல நீங்கள் அப்போது சின்ன ஆட்கள். இப்போது எழுதி வைக்கிறேன்.

நான் வேலை செய்யும் வீட்டு இத்தாலிய மூதாட்டியை, சிஞ்ஞோராவை, உங்களுக்குத் தெரியும். பலர்மோவின் சீசாப் பகுதியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, மூன்றாம் மாடி. நத்தார்ப் பண்டிகைக்கு உங்களுக்குச் சொக்லேட் தந்துவிடுகிறவர். அவருக்கு ஒரே மகன். சிங்தாவ் என்கிற சீனக் கடற்கரை நகரத்தில் இத்தாலிய மொழி படிப்பிக்கிறார். அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி, ஒரு பெண் பிள்ளையும் இருக்கிறது. ஊர் பார்க்க வரச் சொல்லி மகன் கூப்பிட்டார். சிஞ்ஞோராவால் தனியே நடக்க ஏலாது. அதனால் நானும் கூடப் போனேன்.

உங்கள் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

“இத்தாலியன் பாஸ்போட் கிடைச்சா முதல் பயணம் யாழ்ப்பாணம் எண்டனீங்கள். இப்ப சீனாவுக்குப் போறியள்.”

“வேலைக்குத்தானேயப்பா போறன்.”

“ஓம் ஓம், வேலை. பெருஞ்சுவரைத் துடைக்கவோ?”

விமானம் மேலே ஏறிய பிறகு சிஞ்ஞோரா என் கையைப் பிடித்தார். “நான் ஊர் பாக்கப் போகேல்லை. அவனைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரத்தான் போறன். நீ வாயைத் திறந்திடாதை” என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, புறப்பட முதல் மகனின் பழைய அறைக்கு ஏன் என்னைக் கொண்டு வெள்ளை அடிப்பித்தார் என்று.

சிங்தாவ் அழகான ஊர்தான். நூறு வருடங்களுக்கு முதல் ஜெர்மன்காரர் அந்தக் கரையைப் பிடித்து வைத்திருந்தபோது கட்டிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. சிவப்பு ஓடு, மஞ்சள் சுவர், கீழே முரட்டுக் கருங்கல். மேட்டில் இரண்டு கோபுரத்தோடு ஒரு தேவாலயம். அதன் முன்னால் கல்யாண உடுப்போடு சோடி சோடியாக வந்து படம் எடுக்கிறார்கள். நிலம் கல்லுப் பதித்த மேடு பள்ளம் என்பதால் வெள்ளைக் கவுனுக்குக் கீழே விளையாட்டுச் சப்பாத்து. ஒரு கிழவர் மஞ்சள் நிறமாக ஏதோ நிரம்பிய பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

“பாவம், ஆசுப்பத்திரியிலயிருந்து வாறாரோ?” என்று சிஞ்ஞோரா கேட்டார்.

“அம்மா, அது பியர்” என்று மகன் சொல்ல, அவர் கண்ணீர் வரச் சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் அப்படிச் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

ஒவ்வொரு நாளும் மகன் சக்கர நாற்காலியைத் தள்ளுவார், நான் பையோடு பின்னால் போவேன். சிஞ்ஞோரா அந்தக் கதையை எடுக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக்கு முதல் நாள், கடலுக்குப் பக்கத்தில் மரங்கள் நிறைந்த ஒரு தெருவில், பழைய மாளிகை ஒன்றின் படலைக்கு முன்னால் நிழலில் நின்றோம். மருமகளும் பேத்தியும் சற்றுத் தள்ளி ஒரு மணப்பெண்ணை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மூண்டு பேரும் வாங்கோ” என்றார் சிஞ்ஞோரா. “வீடு உனக்குத்தானே. அறை எல்லாம் ஆயத்தம்.”

“அம்மா, என்ர வீடு இஞ்சை.”

சிஞ்ஞோரா மாளிகையைக் கையால் காட்டினார். “இதைக் கட்டினவையும் அப்பிடித்தான் சொல்லியிருப்பினம். எங்கை அவை?”

மகன் நாற்காலியின் முன்னால் வந்து குந்தினார்.

“அவை அதிகாரம் பண்ண வந்தவை, அம்மா. நான் ஒரு பொம்பிளையை நம்பி வந்தனான். நான் வரமாட்டன். நீங்கள் இஞ்சை எங்களோடை நில்லுங்கோ.”

“இஞ்சை நான் செத்தால் ஆருக்கடா என்னைத் தெரியும்?”

நான் அந்த வீட்டின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேல்மாடி ஜன்னலில் யாரோ ஒரு பிள்ளையின் கால்மேசு காயப்போட்டிருந்தது. எந்தப் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது. நானும் ஒரு தாயை விட்டுவிட்டு வந்தவன்தானே.

மகன் தண்ணீர் வாங்கப் போனபோது, சிஞ்ஞோரா திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: “நீ வெளிக்கிடேக்கை உன்ர அம்மா என்ன செய்தவ?”

“அவதான் என்னை அனுப்பினவ, சிஞ்ஞோரா. சண்டை நேரம். நிண்டால் செத்துப்போவன் எண்டு பயந்தவ.”

அவர் “நான் அவனை அனுப்பேல்லை” என்றார். “அவன் போனவன்.”

அடுத்த நாள் விமான நிலையத்தில் பேத்தி அவர் மடியில் ஏறி இருந்து, இத்தாலிய மொழியில் ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் எண்ணிக் காட்டியது. மகன் அழுதார். சிஞ்ஞோரா அழவில்லை. பிள்ளையின் சட்டைப் பொத்தானைச் சரியாகப் பூட்டிவிட்டு, “போவம்” என்று என்னிடம் சொன்னார். பலர்மோவில் இறங்கிய பிறகு, ஊர் எப்படி என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம் சிவப்பு ஓட்டையும் கடலையும் பற்றி மட்டும் விரிவாகச் சொன்னார்.

வந்த கிழமையே ஒரு மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். நான் குசினியில் தனியே இருந்தேன். அவருடைய தொலைபேசி மேசையில் கிடந்தது. வயதானவர்களுக்கென்று செய்த பெரிய எழுத்துத் தொலைபேசி. பின்பக்கத்தில் அவசரத்துக்கு அமத்த ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அதை அமத்தினால் மகனுக்குத்தான் போகும். இங்கே அவர் இரவில் விழுந்தால், அங்கே மகன் விடியப்புறம் எழும்பி, அந்தத் தூரத்தில் நின்று என்ன செய்வார்?

முன்பக்கத்தில் ஒன்றாம் இலக்கத்தை அமத்தினாலும் மகனுக்குத்தான் போகும்; அதை அப்படியே விட்டேன். அது அவருடைய இடம். சிவப்புப் பொத்தானில் மட்டும் என் இலக்கத்தைப் போட்டேன். சரியாக விழுந்ததோ என்று ஒரு தரம் அமத்திப் பார்த்தேன். என் சட்டைப் பைக்குள் மணி அடித்தது. உடனே நிறுத்தாமல், கொஞ்ச நேரம் அடிக்க விட்டேன்.