பூனைக்குட்டியும் புதுமாப்பிள்ளையும்

கல்யாணம் முடித்த நாலாவது மாதத்தில், மனைவியின் வீட்டில், ஒரு பூனைக்குட்டியோடு ஓர் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தேன். யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை. தாழ்ப்பாள் என் பக்கம்தான் இருந்தது. இருந்தும் வெளியே போவோம் என்று நினைத்த போதெல்லாம் கதவடிவரை போய், நின்று, திரும்பி வந்து கட்டிலில் குந்தினேன். இப்போது நினைத்தாலும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. நான் பாலமுனையிலிருந்து ஒரு சூட்கேஸும் ஒரு மடிக்கணினியுமாகக் கல்முனைக்கு வந்தவன். வீடு மனைவியின் பெயரில் இருந்தது. மாமா தன் வெள்ளாமைக் காசு முழுவதையும் வருஷக்கணக்காக அதற்குள் கொட்டியிருந்தார். எங்களுக்கென்று ஒதுக்கிய அறையோடு குளியலறையையும் சேர்த்தே கட்டியிருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் நல்ல வசதி என்றார்கள். மாப்பிள்ளை எதற்காகவும் வெளியே வரத் தேவையில்லாத வசதி அது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மாமி என் முன்னால் வரமாட்டார். மார்க்கத்தில் அப்படித் தடை ஒன்றும் இல்லை. மருமகனுக்கு முன்னால் நடமாட அவருக்கு வெட்கம், அவருடைய உம்மாவும் அப்படித்தான் இருந்தாராம். மனைவியின் தங்கையோ என் கண்ணில் படவே கூடாதவள். ஆகவே நான் அறையை விட்டு வருவதென்றால் முதலில் கதவடியில் நின்று இரண்டு தரம் இரும வேண்டும். இருமியதும் ஹோலில் கதிரை இழுபடும், காலடிச் சத்தம் ஓடும், குசினிக் கதவு சாத்துப்படும், டீவி மட்டும் ஆளில்லாமல் கதைத்துக்கொண்டிருக்கும். நான் தலையைக் குனிந்தபடி முன்வாசலுக்குப் போய்விட வேண்டும். ஒருநாள் அப்படிப் போகும்போது கதிரையில் பாதி கடித்த மாங்காய்த் துண்டு ஒன்று கிடந்தது, பக்கத்தில் உப்பும் தூளும். அதற்குப் பிறகு கடற்கரைக்குப் போக ஆசை வந்தாலும், இதற்காக ஒரு மனுஷியின் மாங்காயைக் கெடுப்பதா என்று யோசிப்பேன். கடல் இருநூறு மீட்டர் தூரத்தில்தான் இருந்தது. இரைச்சல் கட்டிலுக்கே கேட்கும்.

பூனைக்குட்டி மனைவியுடையது. கல்யாணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னால் மதிலோரத்தில் கண்டெடுத்து வளர்த்தாள். சாம்பல் நிறம், வயிறு மட்டும் வெள்ளை. ஏழு மாதமானதும் அது இரவு பகலாகக் கத்தத் தொடங்கியது. கூரையில் கடுவன் பூனைகள் வரிசை கட்டின. வீட்டில் குட்டி போடுவதற்கு முதல் மீன் சந்தையில் கொண்டுபோய் விடும்படி மாமி சொல்லிவிட்டார். மனைவி அழுதாள். நான்தான் பெரிய மனிதனாகி, மிருக வைத்தியரிடம் ஒரு சின்ன ஆபரேஷன் செய்தால் கத்தலும் நிற்கும், குட்டியும் இல்லை என்று யோசனை சொன்னேன்.

மாமியின் பதில் மனைவி வழியாக வந்தது. வாயில்லாச் சீவனின் வயிற்றைக் கிழிக்கச் சொல்லி உன் மாப்பிள்ளைக்கு யார் படித்துக் கொடுத்தது என்று கேட்டாராம். எனக்குச் சுள்ளென்று வந்தது. அதற்கு ஒன்று நடந்தால் நான் பொறுப்பு என்று சொல்லியனுப்பினேன். நாலு மாதத்தில் அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சொன்ன ஒரே பெரிய வார்த்தை அதுதான். குட்டி பிழைத்தால்தான் அந்த வீட்டில் என் சொல்லும் பிழைக்கும் என்று ஆகிவிட்டது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அடுத்த நாளே மனைவிக்கு மட்டக்களப்பில் ஆறு நாள் பயிற்சி என்று கடிதம் வந்தது. அவள் ஆசிரியை, போகாமல் இருக்க முடியாது. மாமா வெள்ளாமை வெட்டுக்காகச் சவளக்கடைப் பக்கம் போய் வயல் வாடியில் தங்கியிருந்தார். இடையில் நின்று கதையைக் கொண்டுபோக ஆளில்லாத வீட்டில் நான், மாமி, தங்கை, பூனைக்குட்டி என்று நாலு உயிர் மிஞ்சியது. பத்து நாளைக்குக் குட்டி ஓடக்கூடாது, பாயக்கூடாது, முக்கியமாகத் தையலை நக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். கழுத்துக்குப் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளையமும் தந்திருந்தார். ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அறைதான் ஏற்கெனவே இருந்ததே.

என் தொழில் வீட்டு வரைபடம் கீறுவது. ஜன்னலை எந்தப் பக்கம் வைத்தால் காற்று வரும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, நான் குந்தியிருந்த அறையின் ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மேசையில் கீற, குட்டி அந்த வளையத்தோடு மேசைக் காலில் இடித்தது, கட்டில் காலில் இடித்தது, பின்பக்கமாக நடந்து போய்ச் சுவரில் இடித்தது. இடிக்கும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தது, நான்தான் செய்தேன் என்பதுபோல. செய்ததும் நான்தானே. பிறகு கதவடியில் போய் நின்று ஒரே தாளத்தில் கத்தும். அந்தக் கத்தல் எனக்கும் சேர்த்துத்தான் என்று தோன்றும்.

சாப்பாடு கதவடிக்கு வந்தது. கதவில் இரண்டு தட்டு, பிறகு திரும்பிப் போகும் காலடி. திறந்தால் மூடிவைத்த தட்டில் இரண்டு வகை மீன், இறைச்சி, முட்டை, ஆணம், பொரியல். புதுமாப்பிள்ளைக்கு அப்படித்தான் வைப்பார்கள். போதும் என்று சொல்ல ஆளில்லை. மிச்சம் வைத்தால் ருசி இல்லை என்று நினைப்பார்களே என்று முழுவதையும் தின்று தீர்த்தேன். இரண்டாம் நாள் தட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பீங்கானும் வந்தது. உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்து, பிசைந்த மீன். யார் செய்தது என்று கேட்க வழியில்லை. குட்டி நக்கித் துடைத்த பீங்கானை என் தட்டின்மேல் வைத்து வெளியே தள்ளினேன்.

மூன்றாம் நாள் மாலை ஒரேயொருதரம் வெளியே போகப் பார்த்தேன். இருமக் கதவடிக்குப் போனபோது ஹோலில் மாமியும் மகளும் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைக் கலைக்க மனம் வரவில்லை. என்னைத் தவிர எல்லாரும் அந்த வீட்டில் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று ஒரு பொறாமையும் வந்தது. திரும்பி வந்து குட்டியின் தலையைத் தடவினேன். அது கையைக் கடித்தது.

நாலாம் நாள் பகல் சாப்பாட்டுக்காக வளையத்தைக் கழற்றினேன். அதைப் போட்டுக்கொண்டு அதனால் சரியாகச் சாப்பிட முடியவில்லை, பாவமாக இருந்தது. சாப்பிட்டு முடிந்ததும் மாட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே லுஹர் தொழுதேன். தொழுதுவிட்டு ஒரு நிமிஷம் சரிந்தேன். மாமியின் இறைச்சி ஆணம் தின்றவனுக்கு ஒரு நிமிஷம் என்று ஒன்று கிடையாது. நறநறவென்று ஏதோ கடிபடும் சத்தத்தில்தான் கண் விழித்தேன்.

மூலையில் அது தன் வயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தது. தையல் நூல் இரண்டு மூன்று அறுந்து தொங்கியது. வெட்டு வாய் திறந்து, உள்ளே சிவப்பாக என்னவோ தெரிந்தது. துவாயைச் சுற்றி அள்ளி மடியில் வைத்து அமர்த்திப் பிடித்தேன். மற்றக் கையால் வைத்தியருக்கு அழைத்தேன். சுத்தமான துணியால் அமர்த்தியபடியே உடனே கொண்டுவாருங்கள், அஸர் தொழுகை வரைக்கும்தான் இருப்பேன் என்றார். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு கை வேண்டும். எனக்கு இருந்த இரண்டு கையிலும் குட்டி இருந்தது, விட்டால் பாயும். கையெல்லாம் கீறி இரத்தம், அதில் அதனுடையது எது என்னுடையது எது என்று தெரியவில்லை.

எப்படியோ முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளினேன். உதவிக்கு ஆள் வேண்டும். அந்த அவசரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? இருமினேன்.

ஹோலில் கதிரை இழுபட்டது. காலடி ஓடியது. குசினிக் கதவு சாத்துப்பட்டது.

ஆட்கள் வரவில்லையே என்று இன்னும் பலமாக இருமினேன். குசினிக்குள் தாழ்ப்பாள் விழுந்தது. தொண்டை கிழிய இருமினேன். நான் இரும இரும அவர்கள் இன்னும் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள் என்பது மண்டையில் ஏற எனக்கு அவ்வளவு நேரம் எடுத்தது. கூப்பிடலாம் என்றால் எப்படிக் கூப்பிடுவது என்று நாக்குத் தடுமாறியது. மாமி என்ற சொல்லை மனைவியிடம் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன், அவரைப் பார்த்து ஒருதரம்கூடச் சொன்னதில்லை. குட்டி துவாய்க்குள் முனகியது.

"மாமி" என்று கத்தினேன். "மாமி, ஒருக்கா வாங்க. குட்டி சாகப் போகுது."

குசினித் தாழ்ப்பாள் விலகியது. முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி, விரலெல்லாம் அரிசி மாவோடு, குட்டையான ஒரு மனுஷி வந்து என் கதவடியில் நின்றார். கல்யாணப் போட்டோவில் மட்டும் பார்த்திருந்த முகம். மாவைத் தன் உடுப்பிலேயே துடைத்துவிட்டு, என் முன்னால் நிலத்தில் குந்தி, குட்டியைத் துவாயோடு வாங்கினார். அவர் கை பட்டதும் அது திமிறுவதை நிறுத்தியது.

"இவ்வளவு நேரமா இருமின நீங்க, வாயத் தொறந்து கூப்புட்டா என்ன மகன்?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவும் முடியவில்லை. மாமி அதைக் காணாதவர்போல, வாசலில் ஆட்டோ ஒன்றைப் பிடிக்கச் சொன்னார். மகளிடம் அபாயாவை எடுத்துவரச் சொன்னார். அதைக் கொண்டுவந்து கொடுத்தவளையும் அன்றுதான் கண்டேன். அவளும் அழுதுகொண்டிருந்தாள். ஆட்டோவில் மாமி குட்டியை வயிற்றோடு அணைத்து, ஒரு கையால் காயத்தை அமர்த்திக்கொண்டு ஒரு மூலையில் இருந்தார். நான் மற்ற மூலையில். பொறுப்பு என்று சொன்ன ஆள் இப்படியா நித்திரை கொள்கிறது என்று ஒருதரம் கேட்டார். நற்பிட்டிமுனைச் சந்தி தாண்டியபின், ரோட்டைப் பார்த்துக்கொண்டே கதைக்கத் தொடங்கினார்.

"நீங்க இருமின நேரமெல்லாம் நான் எழும்பி ஓடுற. நான் மூட்டு வருத்தக்காரி. எண்ட வூட்டு ஹோல்ல குந்தி ஒரு தேத்தண்ணிய முழுசாக் குடிச்சி நாலு மாசம் மகன்."

நான்தான் அடைபட்டுக் கிடக்கிறேன் என்று நாலு மாதமாகக் கறுவிக்கொண்டிருந்தவன் நான். அன்று வெட்கத்தில் என் காது சுட்டது.

வைத்தியர் பார்த்துவிட்டு, மேல் தையல் மட்டும்தான் பிரிந்திருக்கிறது, உள் தையல் பிடித்திருக்கிறது என்றார். ஊசி போட்டுத் திரும்பவும் தைத்தார். தைத்து முடியும்வரை மாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார், குட்டியைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை. இது தப்புமா என்று வைத்தியரிடம் நேராகவே கேட்டார். தப்பும் என்று அவர் சொன்ன பிறகுதான் அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டார். வளையத்துக்குப் பதிலாகத் துணியால் ஒரு சட்டை தைத்துப் போட்டாலும் சரிதான் என்று வைத்தியர் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அன்று மாலை ஹோலில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நான் அறைக்குள் குட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்தேன். இன்னும் ஆறு நாள் பாக்கி இருந்தது. வெளியே போகலாம் என்று தோன்றியது, ஆனால் எப்படிப் போவது என்று தெரியவில்லை. இருமினால் அவர் எழும்பி ஓடுவாரே என்று பயம், இருமாமல் போனால் என்ன நினைப்பாரோ என்று அதைவிடப் பயம். மெஷின் சத்தம் நின்றது. காலடி வந்து என் கதவுக்கு வெளியே நின்றது.

பிறகு மாமி இருமினார். இரண்டு தரம்.

நாலு மாதப் பழக்கத்தில் நான் துள்ளி எழும்பினேன். எழும்பி, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அறை நடுவில் நின்றேன். மாமி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார், ஒரு கையில் தன் பழைய உடுப்பின் கையை வெட்டித் தைத்த குட்டிச் சட்டை, மற்றக் கையில் தேத்தண்ணி. "குந்துங்க மகன்" என்றார். நான் குந்தினேன். அவரும் கட்டில் காலில் சாய்ந்து நிலத்தில் குந்தி, தேத்தண்ணியை எனக்கு நீட்டாமல், தானே ஆறுதலாக ஊதி ஊதி அடிவரை குடித்தார்.