நான் எழுதிய ‘காணவில்லை’

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். கைபேசி விடாமல் சத்தம் போட்டது. எங்கள் வீதி வட்ஸ்அப் குழு. பக்கத்து வீட்டு ரிஸானாவின் வாப்பாவைக் காணவில்லையாம்.

வாப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கொஞ்ச நாளாகவே ஞாபகம் தடுமாறுகிறது. கடைக்குப் போகிறேன் என்று கட்டுகஸ்தோட்டைப் பாலத்துப் பக்கம் நடந்தவர் திரும்பவில்லை. ரிஸானா ஒரு படம் போட்டாள். பெருநாள் அன்று எடுத்தது — வெள்ளைத் தொப்பி, பல்லில்லாத சிரிப்பு, கலரில் பளிச்சென்று. அந்தப் படம் யார் யார் கைக்கெல்லாம் போனதோ தெரியாது. ஒன்றரை மணிக்குக் கம்பளையிலிருந்து ஒரு பேக்கரிக்காரர் கூப்பிட்டார். ரயில் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தவரைக் கூட்டிவந்து, பிளேன்டி குடிக்கக் கொடுத்து, தன் கடையில் உட்கார வைத்திருப்பதாகச் சொன்னார்.

மூன்றே மணி நேரம்.

குழுவில் எல்லோரும் கைகூப்பினார்கள். நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டேன். போட்டுவிட்டு, நறுக்கிய மரக்கறியை அப்படியே மூடிவைத்தேன். அன்றைக்குச் சமைக்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். இத்தனை வருஷமாகப் பேப்பரில் இந்த வாரப் பத்தியில் உங்களோடு எதையெதையோ பேசியிருக்கிறேன்... இதை மட்டும் பேசியதில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. ஒரு தமிழ்ப் பத்திரிகையின் கண்டிக் கிளையில் வேலை. கிளை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். திருகோணமலை வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே ஒரு அறை, பின்னால் மனேஜருக்கு ஒரு சின்ன அறை. மூன்று கதிரை, ஒரு அலுமாரி, ஒரு டைப்ரைட்டர். விளம்பரம் வாங்குவதுதான் என் வேலை. மணமகள் தேவை, காணி விற்பனைக்கு, மரண அறிவித்தல்... அப்புறம், காணவில்லை.

ஆளைக் காணவில்லை என்றால் அந்தக் காலத்தில் என்ன செய்வார்கள்? முதலில் சொந்தக்காரர் வீடுகளுக்கு ஆள் அனுப்புவார்கள். பிறகு சாத்திரக்காரர். பிறகு பொலிஸ். பொலிஸில் ஒரு என்ட்ரி போட்டுவிட்டு, ‘பேப்பரில் போடுங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள். வானொலியில் ஆளைத் தெரிந்தவர்கள் அங்கே சொல்ல வைப்பார்கள். மற்றவர்கள் எங்கள் மாடிப்படி ஏறுவார்கள்.

படமும் வாசகமும் தபாலில் கொழும்புக்குப் போகும். அங்கே படத்தை உலோகத் தகட்டில் புளொக் செய்து, இடம் கிடைக்கிற நாளில் அச்சடிப்பார்கள். ஐந்து நாள், ஆறு நாள்... சில நேரம் பத்து நாள்கூட ஆகும். காணாமல் போனவர் அதற்குள் எவ்வளவு தூரம் போயிருப்பார், யோசித்துப் பாருங்கள்.

வாசகத்துக்கு ஒரு மாதிரி இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு சீயார் கொப்பியில், தடித்த மட்டை நோட்டில், எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். ‘மேலே படத்தில் காணப்படும் இன்னார், வயது இவ்வளவு, மாநிறம், வீட்டை விட்டு வெளியேறியவர் இதுவரை திரும்பவில்லை. கண்டவர்கள் கீழ்க்காணும் விலாசத்துக்கு அறியத்தரவும். அன்பு மகனே, கோபம் வேண்டாம். உடனே திரும்பி வா. அம்மா சாப்பிடாமல் படுத்திருக்கிறார்.’

பெயரையும் வயதையும் மாற்றினால் போதும். வேலை முடிந்தது. ஓ.லெவல் பரீட்சையில் பெயிலாகி, அப்பாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு கொழும்புக்கு ரயிலேறும் மகன்களுக்காக எழுதப்பட்ட வாசகம் அது. அவர்களில் பாதிப்பேர் இரண்டாவது கிழமையே பசியோடு வீடு திரும்பிவிடுவார்கள்.

ஒரு நாள் மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். முத்தையா, லெட்சுமி. கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை. முத்தையா கையில் ஒரு துணிப்பை இருந்தது.

மூத்த மகள் புவனேஸ்வரி. பதின்மூன்று வயசு. பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவன் மூலமாகக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். நல்ல இடம், பள்ளிக்கூடமும் அனுப்புவார்கள் என்று அவன் சொன்னானாம். பதினொரு மாதம் இருந்திருக்கிறாள். தீபாவளிக்கு வருவாள் என்று பார்த்திருந்தவர்களுக்கு, தோட்டத்துக் கந்தோருக்கு, ஆபிஸுக்கு, ஒரு கடிதம்தான் வந்தது. உங்கள் மகள் மூன்று கிழமைக்கு முன்பே போய்விட்டாள், இனி நாங்கள் பொறுப்பில்லை... கிளார்க்கர் வாசித்துச் சொல்லியிருக்கிறார்.

முத்தையா தோட்டத்துக்குக் கிட்ட இருந்த பொலிஸுக்குப் போனார். காணாமல் போன இடத்தில் போய்ச் சொல் என்றார்கள். கொழும்புக்குப் போனார். அந்த வீட்டில் கேட்டைத் திறக்கவில்லை. வீட்டு எஜமானி நோனா உள்ளே நின்றபடியே, அவள் யாருடனோ ஓடிவிட்டாள் என்றாராம். மகளுடைய சாமான்களையாவது தாருங்கள் என்று கேட்டதற்கு, கேட்டுக்கு மேலால் ஒரு பையைக் கொடுத்திருக்கிறார்கள். அங்குள்ள பொலிஸில் இவர் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னதை என்னவோ எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, பேப்பரில் போட்டு அதைக் கொண்டுவா என்றிருக்கிறார்கள். கையெழுத்துப் போட மட்டும்தான் அவருக்குத் தெரியும். வாசிக்கத் தெரியாது.

முத்தையா பையை என் மேசையில் வைத்துத் திறந்தார்.

“போகையில மூணு கவுனும் ஒரு ஜோடி செருப்பும் கொண்டுக்கிட்டுப் போச்சுங்க. மூணு கவுனும் இதுல இருக்கு. செருப்பும் இருக்கு. ஓடிப்போன புள்ள என்னத்தப் போட்டுக்கிட்டுப் போச்சு, மிஸ்?”

நான் அந்தச் செருப்பைப் பார்த்தேன். சின்னச் செருப்பு. ஒரு பக்கத்து வாரில் கம்பி கட்டியிருந்தது.

“எங்க புள்ள ஓடிப் போகல. அந்த வீட்டுலதான் காணாமப் போச்சு. அத எழுதுங்க” என்றார்.

எழுதினேன். சத்தியமாக, முதலில் அப்படித்தான் எழுதினேன். ‘கொழும்பில் வேலை செய்த வீட்டிலிருந்து காணாமல் போயுள்ளார், அவருடைய உடைகளும் செருப்பும் அந்த வீட்டிலேயே இருந்தன.’

படம் என்று கேட்டபோதுதான் அடுத்த சிக்கல். புவனா தனியாக ஒரு படம்கூட எடுத்ததில்லை. கோயில் திருவிழாவில் குடும்பமாக எடுத்த படம் ஒன்று இருந்தது. அதில் அவள் இரண்டாவது வரிசையில், சித்தப்பாவின் தோளுக்குப் பின்னால். முகத்தில் பாதிதான் தெரிந்தது. கீழே புடவைக் கடைக்குப் பக்கத்து ஸ்டூடியோவில் அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். ஒரு கண், அரை வாய், தோளில் மூன்று விரல். அந்த விரல் லெட்சுமியுடையது.

எழுதியதை உள்ளறைக்குக் கொண்டுபோய் எங்கள் மனேஜரிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்து மனுசர். நல்லவர், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

“ஓம் பிள்ளை, அந்தச் சனம் சொல்லுறது உண்மையாத்தான் இருக்கும். ஆனா இதைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் எங்களுக்குத்தான் வரும். வழமையான மாதிரி எழுதும்.”

அவர் வெட்டியது ஒரு வரியைத்தான். அந்த இடத்தில் இன்னொரு வரியை எழுதியது நான். அங்கேயே கொப்பியைத் திறந்தேன், பார்த்து எழுதினேன். ‘வீட்டை விட்டு வெளியேறியவர்.’ எந்த வீடு? அந்தப் பிள்ளைக்கு அங்கே வீடு ஏது? யோசிக்கவில்லை. கை பழகியிருந்தது. ‘அன்பு மகளே, கோபம் வேண்டாம்’ என்பதையும் விடாமல் எழுதி முடித்தேன்.

வெளியே வந்தபோது அதுவரை வாயே திறக்காத லெட்சுமி கேட்டார்.

“நாங்க சொன்னதெல்லாம் இருக்குங்களா, மிஸ்?”

“இருக்கு” என்றேன்.

வேலையில் சேர்ந்து நாலு மாதம். பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் கண்டி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து, வத்தேகம, பன்வில எல்லாம் தாண்டி வீடு போய்ச் சேர வேண்டும். அதற்குள் இதை எப்படி விளக்குவது என்றும் சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால், பொய் சொல்வது அந்த நேரத்தில் எனக்குச் சுலபமாக இருந்தது.

ஏழாம் நாள் விளம்பரம் வந்தது. ஒரு காணி விற்பனைக்கும் டியூஷன் எடுக்கும் டியூட்டரி விளம்பரத்துக்கும் நடுவில். படத்தில் முகம் ஒரு கறுப்புத் திட்டாக விழுந்திருந்தது. பெற்ற தாய்கூட அடையாளம் கண்டிருக்கமாட்டாள். பக்கத்தை வெட்டித் தபாலில் அனுப்பிவைத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து முத்தையா தனியாக வந்தார். பத்திரிகைத் துண்டை ஒரு பொலித்தீன் பையில் மடித்து வைத்திருந்தார். மகளை வேலைக்கு அனுப்பித் தொலைத்துவிட்டோம் என்ற வெட்கத்தில் லயத்து வீடுகளில் யாரிடமும் அதைக் காட்டவில்லையாம். நேரே கொழும்புப் பொலிஸுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் அதை வாசித்து, ஸ்டேஷன் பெரியவருக்குச் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். பெரியவர் சிரித்தாராம். வீட்டை விட்டு வெளியேறினாள் என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள், கோபம் வேண்டாம் என்றும் போட்டிருக்கிறீர்கள், பிறகு எதற்காக நல்ல குடும்பத்து ஆட்களைத் தொந்தரவு செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஒரு பிரதியை ஃபைலில் குத்தி, ஃபைலை மூடிவிட்டார்.

முத்தையா சண்டைக்கு வரவில்லை. துண்டை என் முன்னால் விரித்துவைத்தார்.

“இதுல அப்படியா மிஸ் எழுதியிருக்கு?”

“ஆமாங்க.”

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவர் தலையை ஆட்டி நிறுத்திவிட்டார்.

“வீட்டுக்காரிகிட்ட சொல்லிறாதீங்க. நீங்க சரியா எழுதிக் குடுத்தீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா.”

துண்டை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அன்று மனேஜரிடம் அழுதேன். அவர் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துத் திருத்தம் போடக் கேட்டுப் பார்த்தார். முடியாது என்றார்கள். நானே ஆங்கிலத்தில் ஒரு பெட்டிஷன் டைப் செய்து பொலிஸ் மேலிடத்துக்கு அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு தபாலட்டை வந்தது. அவ்வளவுதான். அடுத்த வருஷம் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்து, அந்த மாடியை விட்டு இறங்கிவிட்டேன்.

புவனேஸ்வரிக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

இப்போது எல்லாம் மாறிவிட்டது என்கிறோம். மாறித்தான் இருக்கிறது. ஆனால் ஆளைத் தேடுவதற்கு முன்னால், அவர் எப்படிப்பட்டவர், ஏன் போயிருப்பார் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோமே... அது மாறியிருக்கிறதா? போன மாதம்கூடக் காணாமல் போன ஒரு பெண்பிள்ளையின் படத்துக்குக் கீழே நாலு பேர் எழுதியிருந்ததை வாசித்தேன். உங்களுக்கும் வந்திருக்கும். எங்கள் கொப்பியே தேவலை.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடுல்கெல்லப் பக்கம் படிப்பிக்கும் என் பழைய மாணவி ஒருத்தியிடம் விசாரிக்கச் சொன்னேன். முத்தையாவும் லெட்சுமியும் இறந்துவிட்டார்கள், இளைய மகள் சரோஜா அதே தோட்டத்தில்தான் இருக்கிறார் என்றாள். சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

சரோஜாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். கொழுந்து எடுக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். நான் யார் என்று சொன்னேன். செய்ததையும் சொன்னேன். நாற்பது வருஷத்துக்கு மேல் வயிற்றுக்குள் கிடந்தது, ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிந்துவிட்டது.

அவர் அதிரவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

“தெரியுங்க. அந்தத் துண்ட நான்தான் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன்.”

அவருக்குப் பத்து வயசில் நடந்தது. தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்ட புதுசு. அப்பாவின் பெட்டியில் துண்டு கிடைத்திருக்கிறது. அக்காவின் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்திருக்கிறாள். வெளியேறியவர் என்ற இடம் லெட்சுமிக்கு விளங்கவில்லை. கோபம் வேண்டாம் என்ற இடத்தில்தான் அவர் நின்றுவிட்டார். பேப்பரில் போட்டிருக்கிறதே... அப்படியென்றால், கோபம் என்று யாருக்கோ தெரிந்துதானே போட்டிருப்பார்கள்?

“சாகும் வரைக்கும் அதத்தாங்க கேட்டுக்கிட்டு இருந்துச்சு. புள்ளைக்கு எம்மேல என்ன கோவம், நான் என்ன பண்ணினேன்னு. அப்பா எவ்வளவோ சொன்னாரு. நம்பல. நான் வாசிக்காம இருந்திருக்கலாம்.”

அவரும் அத்தனை வருஷமாக அதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். வாசித்த குழந்தைமேல் ஒரு பிழையும் இல்லை, எழுதியது நான் என்றேன். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் குடித்தோம்.

புறப்படும்போது வாசலில் நின்று கேட்டார்.

“அக்கா ஓடிப் போகல, அதுக்கு யார் மேலயும் கோவம் இல்லன்னு இப்ப பேப்பர்ல போடுவாங்களா, மிஸ்?”

போடுவார்கள் என்றேன்.

இந்த முறை, நீங்கள் வாசிக்கிற இதை ஒருவரிடமும் காட்டாமல் நேரே பேப்பருக்கு அனுப்பியிருக்கிறேன்.