கண் எரியாத பாட்டில்

எங்கள் அப்பா சாந்தோமில் ஓர் ஆசிரியர் வீட்டில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, படிப்பை நிறுத்தி, தேனாம்பேட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பாட்டில் கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். சில வருடங்களில் அங்கேயே டெக்னீஷியன் ஆனார். ஆபரேஷனில் எடுத்த சதைத்துண்டைப் பதப்படுத்தி, மெழுகில் வைத்து மெல்லியதாகச் சீவி, டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்படி கண்ணாடியில் ஏற்றுவது அவர் வேலை. சட்டையில் எப்போதும் கண்ணை எரிக்கும் ஃபார்மலின் நெடி இருக்கும். கோயிலில் எங்கள் பெஞ்சில் மட்டும் தாராளமாக இடம் கிடைக்கும்.

"உடம்பை விட்டு வந்த நிமிஷத்துலேர்ந்து சதை தன்னைத் தானே தின்னுக்கினு இருக்கும். ஃபார்மலின்தான் அதை நிறுத்தும்" என்பார். பெரிய துண்டானால் உள்ளே மருந்து இறங்கும்படி கீறிவிட வேண்டும், துண்டு முழுக மருந்து ஊற்ற வேண்டும் என்பதிலெல்லாம் கறாரானவர்.

அப்படிப்பட்டவர் கவனக்குறைவால் வேலையிழந்தார் என்றுதான் இதை வாசிக்கும் உறவினர் பலரும் இன்றுவரை நம்புகிறீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு நர்ஸிங் ஹோமில் தியேட்டர் உதவியாளராக இருந்த ஒருவரை அப்பா தம்பியாகவே நடத்தினார். இரத்த உறவு இல்லை; ஆனாலும் நாங்கள் சித்தப்பா என்றே கூப்பிட்டோம். ஒரு கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் ஓர் ஊறுகாய் பாட்டிலோடு வந்தார். ஒரு பெண்ணின் மார்பிலிருந்து எடுத்த கட்டி அதில் இருந்தது. மறுநாள் அப்பா அதைக் கூடத்துக்கு எடுத்துப்போக வேண்டும். அப்பா மூடியைத் திறந்தார்.

"கண்ணே எரியலையே. இதுல இன்னா ஊத்தின?"

"ஃபார்மலின் தீந்துபோச்சுண்ணா. சலைன் ஊத்திட்டேன்."

"எப்போ?"

"நேத்து காலைல."

"வெறும் உப்புத்தண்ணிலயா, இந்த வெயில்ல?"

சித்தப்பா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெஜிஸ்டர்ல எழுதிடாதண்ணா. போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு. வேலை பூடும்."

அப்பா இட்லியை அப்படியே விட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். கட்டியை ஃபார்மலினில் போட்டுவிட்டு வந்து, "கெட்டதை ஃபார்மலின் திருத்தாது. கெட்டபடியே நிறுத்தி வெக்கும்" என்று அம்மாவிடம் சொன்னார். ஆனால் எதில் வந்தது என்று ரெஜிஸ்டரில் கேட்டிருந்த இடத்தில் 'ஃபார்மலின்' என்று எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்து அவர் எழுதிய ஒரே பொய் அது.

ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை. புற்றா இல்லையா என்று சொல்ல முடியாமல், அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் கத்தி வைத்தார்கள். விசாரணையில் பெரிய டாக்டர் முன்னால் சித்தப்பா சொன்னார்: "நான் ஃபார்மலின்லதான் சார் குடுத்தேன். அவரே எழுதிக்கீறாரு பாருங்க." அப்படியானால் கெட்டது அப்பாவின் கையில்தான் என்று முடிவாயிற்று. அப்பா வாய் திறக்கவில்லை.

அதன்பிறகு கடைசிவரை தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்தார். சித்தப்பா வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வந்துகொண்டுதான் இருந்தார். அப்பா காபி கொடுக்கச் சொல்வார். கொடுத்தவள் நான். எனக்கு அப்பாமீதும் ஆறாத கோபம் உண்டு. தன் பெயரை மட்டுமா கொடுத்தார்? எங்களைக் கேட்காமல் எங்கள் பெயரையும் சேர்த்தல்லவா கொடுத்துவிட்டார்.

போன வருடம் நெஞ்சுவலியில் மூன்று நாள் படுத்திருந்து, எவரையும் குறைசொல்லாமல் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார். அப்போது டாக்ஸி பிடித்துத் தந்த எதிர்வீட்டாருக்கும், கடைசி நேரத்தில் வந்து எண்ணெய் பூசி அவஸ்தைப் பூசுதல் கொடுத்த பங்குச் சாமியாருக்கும், பெட்டியைச் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சுமந்தவர்களில் சித்தப்பாவும் ஒருவர். அப்பாவின் இந்த நினைவு மலருக்காக இரண்டு பக்கம் எழுதியும் அனுப்பியிருந்தார். 'ஒரு கண நேரக் கவனக்குறைவுக்காக வாழ்நாளெல்லாம் வருந்திய உத்தமர்' என்று அதில் அப்பாவைப் புகழ்ந்திருக்கிறார். அதை நான் அச்சுக்குக் கொடுக்கவில்லை. அவருக்கு ஒதுக்கிய இரண்டு பக்கத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன்.

— மூத்த மகள்